பேராதனையில் படித்த தமிழர் பன்னிரண்டு பேர் வேண்டும்: உதவுங்கள்

கலஹாவீதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே இருக்கிற பேராதனைப் பல்கலைக்கழகப் பழைய மாணவர்கள் வருடத்தில் ஒருமுறை கூடி, சோறு தின்று பழங்கதை கதைப்பது வழக்கம். இம்முறை மண்டப வாசலில் ஒரு பெரிய பதாகை வைக்க வேண்டுமாம். கம்பஸில் படித்துப் பெயரெடுத்த தமிழர் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு படம், இரண்டு வரி. கூட்டத்துக்குப் பிந்திப் போனதால் வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

இதுவரை பத்துப் பேர்: சுவாமி விபுலாநந்தர், க. கணபதிப்பிள்ளை, சு. வித்தியானந்தன், மானிடவியலாளர் எஸ். ஜே. தம்பையா, பொறியியலாளர் அ. துரைராஜா, க. கைலாசபதி, கா. சிவத்தம்பி, வரலாற்றுக்காரர் கா. இந்திரபாலா, எழுத்தாளர் செங்கை ஆழியான், சி. மௌனகுரு. இன்னும் இரண்டு பேர்தான். சொன்னால் அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவேன்.

பொல்காவலைச்சந்தி எழுதியது:

தம்பி, கோபிக்க வேண்டாம். "படித்த" என்று போட்டால் உங்கள் பட்டியலில் பாதி காலி.

விபுலாநந்தர் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். அவர் படிப்பித்தது கொழும்பில். 1947 யூலையில் காலமானார். பேராதனைக்கு முதல் மாணவர்கள் வந்ததே 1949இல், அதுவும் சட்டமும் விவசாயமும் மட்டும். கலைப்பீடம் வந்தது 1952இல். கணபதிப்பிள்ளையும் வித்தியானந்தனும் பேராதனையில் படிப்பித்தவர்கள், படித்தவர்கள் அல்ல. தம்பையா பட்டம் எடுத்தது 1951இல், ஆகவே அவரும் கொழும்புக்காரர். பிறகுதான் பேராதனையில் விரிவுரையாளராக இருந்தார். துரைராஜா 1957இல் பொறியியல் முடித்தபோது அந்தப் பீடமும் கொழும்பில்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பொறியியற்பீடம் வந்தது 1964இல்.

மிச்சம் ஐந்து பேர். அவர்களையும் விடமாட்டேன். இலங்கைப் பல்கலைக்கழகம் என்ற ஒன்றுதான் 1942இலிருந்து இருந்தது. 1972இல் எல்லாவற்றையும் ஒரே பல்கலைக்கழகமாக்கி இதை ஒரு வளாகம் என்றார்கள். பேராதனைப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தனிப் பல்கலைக்கழகமானது 1979 சனவரி முதலாந் திகதி. பட்டச் சான்றிதழில் உள்ள பெயரைப் பார்த்தால் உங்கள் பத்துப் பேரில் ஒருவரும் தேறமாட்டார்.

கலஹாவீதி எழுதியது:

அண்ணை, உதவி கேட்டேன். உபத்திரவம் கேட்கவில்லை.

மண்வெட்டி எழுதியது:

துரைராஜா சேரை எடுத்தால் நான் இந்த இழையிலேயே படுத்துக்கொள்வேன், சொல்லிவிட்டேன்.

அவரைத் தமிழ்ச் சனம் யாழ்ப்பாணத் துணைவேந்தராகத்தான் நினைவு வைத்திருக்கிறது. 1988இலிருந்து 1994இல் கண்மூடும் வரைக்கும், அவ்வளவு பொல்லாத காலம். எரிபொருள் இல்லாத நாட்களில் சைக்கிளில் வந்து போனவர் என்பதை அங்கே எந்தக் கடையில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் மண் பொறியியல் படித்தவனுக்கு அவர் வேறு ஆள். கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தபோது களிமண்ணை உருளை வடிவில் வெட்டி, மூவச்சு அழுத்தக் கருவியில் போட்டு நசுக்கி, அது உருக்குலையும்போது எவ்வளவு சக்தி விரயமாகிறது என்று கணக்கெடுத்தார். மண் பெருத்தாலென்ன, சுருங்கினாலென்ன, விரயமாகும் சக்தி உராய்வைப் பொறுத்த ஓர் எளிய விதிக்குள் அடங்குகிறது என்று கண்டார். ரொஸ்கோ, ஸ்கோபீல்ட், துரைராஜா என்று மூன்று பெயரோடு 1963இல் வந்த கட்டுரைக்கு அதுதான் அத்திவாரம். இன்றைக்குக் கணினியில் சுரங்கப் பாதைக்கும் அணைக்கும் மண்ணைக் கணிக்கிற மென்பொருள்களில் 'கேம் களி' என்று ஒரு மாதிரி இருக்கும். கேம்பிரிட்ஜில் ஓடுகிற கேம் ஆற்றின் பெயர். அதற்குள் ஒரு வடமராட்சிக்காரரின் கணக்கு ஓடுகிறது.

நான் இறுதி ஆண்டில் அந்தப் பாடத்தில் முழித்துக்கொண்டிருந்தேன். குப்பி எடுத்த சீனியர் அண்ணை வெண்கட்டியால் சமன்பாட்டை எழுதிவிட்டு, "இதில் மூன்றாவது பெயர் எங்கட ஆள்" என்றார். அதற்குப் பிறகுதான் மனதில் ஏறியது.

(இந்தியாவில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு: குப்பி என்றால் மேல் ஆண்டு மாணவர் கீழ் ஆண்டுக்கு இரவில் காசு வாங்காமல் நடத்துகிற வகுப்பு. பெயர் குப்பி விளக்கில் இருந்து வந்தது.)

சிதம்பரவாசி எழுதியது:

குப்பி என்ற சொல்லுக்கு நன்றி. எங்களிடம் அந்தப் பழக்கம் உண்டு, பெயர்தான் கிடையாது.

விபுலாநந்தரை வைத்து ஒரு சின்னச் சண்டை போட வேண்டும். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவர்தான். நாங்களும் அவரை 'எங்கள் ஆள்' என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். அவரும் எங்கள் பல்கலைக்கழகத்தில் படித்தவர் இல்லை. கணபதிப்பிள்ளை ஐயா எங்களிடம் படித்தவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவரை வேண்டுமானால் எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள், கணக்கு நேராகிவிடும்.

பொல்காவலைச்சந்தி சார் எல்லோரையும் தூக்கிவிட்டார். பேராதனையில் அப்படி என்ன இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லையே? நான் பார்த்ததில்லை. மலை இருக்குமாம்.

ஓட்டுக்கூரை எழுதியது:

மலை இருக்கும். ஹந்தானை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கட்டடங்களை வைத்ததே அதைப் பார்த்துத்தான்.

1940இல் பற்றிக் அபர்குறொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் வந்து திட்டம் போட்டார்கள். இந்த அபர்குறொம்பிதான் பிறகு போரில் இடிந்த லண்டனுக்கும் திட்டம் போட்டவர். மகாவலிக்கும் மலைக்கும் நடுவே உள்ள பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரு பூங்காவாக எடுத்து, கலஹா வீதியின் இருபுறமும் கட்டடங்களைத் தள்ளித் தள்ளி வைப்பது அவர்கள் எண்ணம். அதனால்தான் ஒரு விரிவுரையில் இருந்து மற்றதுக்குப் போவதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளும். கட்டியவர் ஷேர்லி டி அல்விஸ். கண்டி அரச சபை மண்டபத்தின் மரத்தூண்களை அவர் கொங்கிறீற்றிலும் கல்லிலும் கொண்டுவந்தார். செனட் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அந்தத் தூண்களைப் பார்க்கலாம். சுவர் குறைவு, தூண்கள் நிறைய. மேலே கண்டிக் கூரை, இரண்டு சரிவில் இறங்கும் ஓடு. மழை நாளில் அந்தத் தூண்களுக்கிடையே நின்றால் காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் போகும். புத்தகம் நனையாது, ஆனால் தாள் எல்லாம் ஈரித்துப் போய்விடும். பரீட்சைக் காலத்தில் நாங்கள் அங்கேதான் நின்று மனப்பாடம் செய்வோம். அல்விஸ் 1952இல் இறந்துவிட்டார். திறப்பு விழாவைப் பார்க்கவில்லை.

அந்த விழா 1954 ஏப்ரலில், எலிசபெத் மகாராணி வந்திருந்தபோது. திறந்துவைத்தவர் அவருடைய கணவர். பல்கலைக்கழகம் ஏற்கெனவே இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது, இதில் எதைத் திறப்பது? மனுஷன் "வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திறந்திருக்கிறது" என்று அறிவித்துவிட்டார். பகிடிக்காரர்.

பெயர்களையும் கவனியுங்கள். விடுதிகளில் ஒன்று அருணாசலம் மண்டபம், ஒன்று இராமநாதன் மண்டபம். இலங்கைக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் சங்கம் கூட்டிக் கேட்டவர்களில் சேர் பொன். அருணாசலம் முன்னால் நின்றவர். தமையன் இராமநாதன் 1921இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கட்டிய பரமேசுவராக் கல்லூரி 1974இல் யாழ்ப்பாண வளாகமாயிற்று. அண்ணன் தம்பி இருவர் பெயரிலும் பேராதனையில் நித்திரை கொண்டிருக்கிறோம். இது பதாகையில் வரவேண்டாமா?

கூத்தாடி எழுதியது:

நான் மட்டக்களப்பு. எனக்குச் செனட் கட்டடம் எல்லாம் பிறகு. பேராதனையில் ஒரே ஓர் இடத்தைக் காட்டு என்றால் திறந்தவெளி அரங்கைத்தான் காட்டுவேன். சிங்களப் பெடியள் 'வள' என்பார்கள், பள்ளம் என்று அர்த்தம். உண்மையிலேயே பள்ளம்தான். சரிவில் படிப்படியாக இறங்கிக்கொண்டு போகும், கீழே மேடை, கூரை கிடையாது. சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் சிங்கபாகு 1961இல் அங்கே ஏறியது. இருட்டுப்பட்ட பிறகு நாடகம் தொடங்கும். பிடிக்காவிட்டால் மேலே இருந்து 'ஹூ' போடுவார்கள். பிடித்தாலும் போடுவார்கள். நடிக்கிறவனுக்கு வித்தியாசம் விளங்க இரண்டு மூன்று காட்சி எடுக்கும்.

இதில் எங்கள் பங்கு என்ன? சரச்சந்திர 1956இல் மனமே போட்டபோது நாடகம என்ற சிங்களக் கிராமியக் கலையை எடுத்தார். அது தமிழ்க் கூத்தோடு சொந்தமுள்ளது. அதைப் பார்த்துவிட்டுத்தான் வித்தியானந்தன் சேர் "எங்களிடம் மூலமே இருக்கிறதே" என்று மட்டக்களப்புப் பக்கம் வந்தார். ஊரில் கூத்து என்றால் வட்டக்களரி, சுற்றிவரச் சனம், பொழுதுபட்டால் தொடங்கி விடியும்வரை. அவர் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார்களைப் பேராதனைக்குக் கூட்டிப்போய்க் கம்பஸ் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கினார். விடிய விடிய ஆடுவதை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் சுருக்கிப் படச்சட்ட மேடையில் ஏற்றினார். கர்ணன் போர் 1962இல், வடமோடி. அடுத்து நொண்டி நாடகம், கூத்தின் மற்ற வகையான தென்மோடி. பிறகு இராவணேசன். இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராக இருந்த மௌனகுரு.

யோசித்துப் பாருங்கள். ஊரில் படித்தவன் கூத்து ஆடினால் வெட்கம் என்ற காலம் அது. காலில் சதங்கையைக் கட்டிக்கொண்டு பட்டப்படிப்பு மாணவன் மத்தளத்துக்கு அடி வைக்கிறான். என்னுடைய பெரியப்பா ஊரில் தாளம் போடுகிறவர். "கம்பஸில் ஆடுகிறார்களாம்" என்று கேள்விப்பட்ட பிறகுதான் பெரியம்மா அவருடைய சல்லரியைத் தட்டில் இருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தாவாம். அதுவரைக்கும் அது நெல்லு மூட்டைக்குப் பின்னால் கிடந்ததாம்.

ஆகவே பொல்காவலை அண்ணை, வித்தியானந்தன் "படித்தவர் அல்ல" என்று எடுத்தால் மௌனகுருவையும் எடுக்க வேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை.

பொல்காவலைச்சந்தி எழுதியது:

கூத்தாடிக்குப் பதில் இல்லை. வாபஸ் வாங்குகிறேன். கூத்தைச் சுருக்கியது சரியா பிழையா என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தொடங்கினால் இந்த இழை விடியும்வரை ஆடும், விடுவோம்.

கைலாசபதியும் சிவத்தம்பியும் பற்றி ஒரு வரி. இருவரும் ஐம்பதுகளில் பேராதனையில் ஒரே காலத்து மாணவர்கள். இருவரும் பேர்மிங்ஹாம் போய் ஜோர்ஜ் தொம்சன் என்ற ஒரே பேராசிரியரிடம் கலாநிதிப் பட்டம் எடுத்தார்கள். அவர் கிரேக்கம் படிப்பித்தவர், மார்க்சியர். ஒருவர் சங்க வீரப் பாடல்களைக் கிரேக்கத்தோடு ஒப்பிட்டார், மற்றவர் பழந்தமிழர் நாடகத்தை எடுத்தார். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஹில்டா_மேல்மாடி எழுதியது:

பத்துப் பெயர், பன்னிரண்டு பெயர் என்று அடிபடுகிறீர்கள். ஒரு பெண் இல்லை. ஒருவருக்கும் கண்ணில் படவில்லையா?

என் அம்மா அறுபதுகளில் ஹில்டா ஒபேசேகர மண்டபத்தில் இருந்தவ. நானும் இருபத்தைந்து வருடம் கழித்து அதே விடுதி. கலைப்பீடத்தில் 1960இல் சுயமொழியில் படிப்பு தொடங்கியது. ஆங்கிலம் சரளமாக வராத கிராமத்துப் பிள்ளைகள் முதல் முறையாகக் கூட்டங் கூட்டமாக வந்தார்கள். அம்மா அதில் ஒருத்தி. தகரப் பெட்டியில் பெயரும் விடுதியும் வெள்ளை மையால் எழுதியிருக்கும். யாழ்தேவியில் ஏறி, பொல்காவலையில் இறங்கி, பெட்டியின் மேலேயே குந்தியிருந்து கண்டி ரயிலுக்குக் காத்திருப்பார்களாம். (அண்ணை, உங்கள் பெயர்க் காரணம் எங்களுக்கும் தெரியும்.) சரசவி உயன நிலையத்தில் இறங்கினால் பெட்டியைத் தூக்க ஆள் தேட வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் கரண்டியும் முள்ளும் வைத்திருந்தார்களாம். அம்மாவும் கூட வந்தவர்களும் முதல் நாள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். மூன்றாம் நாள் ஒரு பருத்தித்துறைப் பிள்ளை "பசிக்குது" என்று கையால் பிசையத் தொடங்க, மேசை முழுக்கக் கை வைத்ததாம். மாலையில் குறித்த நேரத்துக்குள் வந்து புத்தகத்தில் கையெழுத்து. ஆற்றங்கரைப் பாதைக்குக் காதலர் ஒழுங்கை என்று பெயர், அதில் நடந்ததே இல்லை என்று அம்மா இன்றும் சத்தியம் பண்ணுகிறா. அப்பாவும் அதே வருடத்து ஆள். நான் ஒன்றும் கேட்பதில்லை.

அம்மா முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தா. பதாகையில் போடுகிற அளவு 'பெயர்' இல்லை.

22ஆம்_அறை எழுதியது:

அக்கா, உங்கள் அம்மாவிடம் அட்டைக் கடிக்கு என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். நாங்கள் ஹந்தானை ஏறும்போது சவர்க்காரக் கட்டியை நனைத்து முழங்கால்வரை தேய்ப்போம். ஏறி முடிக்கும்போது பாதிப் பேருக்கு அட்டை, மீதிப் பேருக்குச் சவர்க்காரக் கடி. மேலே போனால் கண்டி, கம்பஸ், ஆறு எல்லாம் தெரியும். பணிஸும் சீனிச் சம்பலும் கட்டிக்கொண்டு போக வேண்டும். மகாபொல புலமைப்பரிசுக் காசு வந்த கிழமை என்றால் கொத்து ரொட்டி.

எல்லாம் இனிப்பாகப் போகிறது, ஒன்று சொல்லிவிடுகிறேன். 1997இல் பொறியியற்பீடத்தில் சேர்ந்த ஒரு தமிழ் மாணவர் பகிடிவதையில் (ராகிங்) சிறுநீரகம் பழுதாகி இறந்தார். அதன் பிறகுதான் 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. நான் முதலாம் ஆண்டுக்குப் போனபோது அம்மா அந்தச் செய்தித் துண்டை மடித்துப் பணப்பையில் வைத்துவிட்டா. 1983 மேயில் தமிழ் மாணவர்கள் அடிபட்டு வளாகத்தைவிட்டு வெளியேறியதும் நடந்த இடம்தான் இது. றொபரோசியா பூக்கிற நேரம் வீதி முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும், படம் எடுத்து எல்லோரும் போடுவோம். அதே வீதிதான்.

மண்வெட்டி எழுதியது:

தம்பி சொன்னது சரி. எங்கள் பட்சில் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போனவர்களில் பாதிப்பேர் பக்திக்காகப் போகவில்லை. அங்கே போனால் சீனியர்மார் தொடமாட்டார்கள். பிறகு பொங்கலுக்காகப் போனோம். கடைசியில் பழக்கத்துக்காக.

மட்டுறுத்துநர்:

பகிடிவதை பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரலாம். இங்கே பதாகை.

கலஹாவீதி எழுதியது:

சரி. மூன்று நாளாக வாசித்துவிட்டு இப்படி முடிவெடுத்திருக்கிறேன்.

பன்னிரண்டு படம் இல்லை. கம்பஸின் வரைபடம் ஒன்றைப் பெரிதாகக் கீறி, ஆட்களை இடத்தில் வைக்கப் போகிறேன். அரங்கில் வித்தியானந்தனும் மௌனகுருவும். ஆற்றுக்கு அப்பால் துரைராஜா. கலைப்பீடத்தில் கைலாசபதி, சிவத்தம்பி, இந்திரபாலா, கணபதிப்பிள்ளை. சமூகவியல் படிப்பித்த தம்பையாவும் அங்கேதான். செங்கை ஆழியானைப் புவியியலில். விபுலாநந்தரைக் கொழும்பில் இருந்து வருகிற ரயில் பாதையில் வைக்கலாமா என்று யோசிக்கிறேன். சிதம்பரவாசி கோபிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஹில்டா மண்டபத்தின் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி, மேலே வெள்ளை மையில் பெயர். அக்கா, அம்மாவின் பெயரைப் போட விடுவீர்களா?

ஹில்டா_மேல்மாடி எழுதியது:

கேட்டேன். பெயர் வேண்டாமாம். பெட்டி இப்போதும் சாமியறையில் இருக்கிறது, பூட்டு இடது பக்கம், அதைச் சரியாகக் கீறச் சொன்னா.

பொல்காவலைச்சந்தி எழுதியது:

ரயில் பாதை கீறும்போது கவனம். பேராதனைச் சந்தியில் கண்டிக்குப் போகிற பாதை பிரிகிறது. சரசவி உயன அந்தக் கிளையில்தான் இருக்கிறது, நாவலப்பிட்டிப் பக்கம் வைத்துவிடாதேயும். அக்பர் பாலத்தை மறந்தால் துரைராஜா சேர் நீந்தித்தான் வரவேண்டும்.

கூத்தாடி எழுதியது:

அரங்கில் ஒரு 'ஹூ' எழுதிவிடுங்கள். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று போட வேண்டாம்.